1908 பட்டம் பறிபோனது மெர்க்கிளாலா?

"அமெரிக்க பேஸ்பால் தொடரான நேஷனல் லீக்கின் 1908 பட்டத்தை நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி இழந்ததற்கு அதன் வீரர் பிரெட் மெர்க்கிளே காரணம்" என்று இன்றும் பகிர்கிறார்கள். தவறு.

செப்டம்பர் 23, சிகாகோ கப்ஸுடன் 1-1 சமநிலை. கடைசி இன்னிங்ஸில் ஜயன்ட்ஸின் வெற்றி ஓட்டம் வந்ததும் கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. முதல் தளத்திலிருந்து (பேஸ்) ஓடிய 19 வயது மெர்க்கிள் இரண்டாம் தளத்தைத் தொடாமலே திரும்பிவிட்டார். அக்காலத்தில் பலரும் அப்படித்தான் செய்தார்கள். நடுவர் ஹாங்க் ஓடே அவருக்கு அவுட் கொடுத்ததால் அந்த ஓட்டம் செல்லாமல் போய் ஆட்டம் சமனானது, தோல்வி அல்ல.

உண்மையான சறுக்கல் பிறகுதான். பிலடெல்பியாவின் புதுமுகப் பந்துவீச்சாளர் ஹாரி கோவலெஸ்கியிடம் மட்டும் ஐந்தே நாள்களில் மூன்று முறை தோற்றது ஜயன்ட்ஸ்! அதில் ஒன்றை வென்றிருந்தாலும் மறுஆட்டத்துக்கு முன்பே கப்ஸைவிட முன்னிலையில் இருந்திருப்பார்கள். சமனான ஆட்டத்துக்குப் பதிலாக அக்டோபர் 8 அன்று கப்ஸுடன் நடந்த அந்த மறுஆட்டத்தையும் 4-2 எனப் பறிகொடுத்தார்கள். இத்தனையையும் ஓர் இளைஞன் தலையில் கட்டுவது அநியாயம். அணியின் மேலாளர் ஜான் மெக்ரா அவரைக் குறை சொல்லவில்லை, சம்பளத்தைத்தான் உயர்த்தினார்.