எடைக்குப் போன டைரிகள்

பெரியப்பா இறந்து மூன்று மாதம் கழித்து அவருடைய அலமாரியைக் காலி செய்தோம். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருந்தவர். 1986ல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது விடியற்காலையில் பைனாகுலரோடு பகோடா முனைக்குப் போய், வால் எந்தத் திசையில் நீண்டது, மேகம் எப்போது மறைத்தது என்று நாள்வாரியாகக் குறித்து வைத்திருந்தார். அந்த டைரிகளைப் பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டோம். கட்டித் தூக்கிப் போட்டதே நான்தான்.

ராதாகோவிந்த சந்திராவைப் பற்றிப் படித்த பிறகு அது இன்னும் அதிகமாக வலிக்கிறது. இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் ஜெசோரில் கருவூல ஊழியர். பள்ளி இறுதித் தேர்வில்கூடத் தேறாதவர். அவரும் 1910ல் இதே ஹாலியைப் பைனாகுலரில் பார்த்தவர்தான். 1912ல் 3 அங்குலத் தொலைநோக்கி வாங்கினார். 1918ல் கழுகு விண்மீன் கூட்டத்தில் திடீரென்று ஒளிர்ந்த நோவா என்ற வகை விண்மீனைத் தானாகவே கண்டுபிடித்து ஹார்வர்டுக்கு எழுதினார். அப்புறம் ஒளி கூடிக் குறையும் விண்மீன்களைக் கவனிக்கும் அமெரிக்க மாறொளிர் விண்மீன் நோக்கர் சங்கத்துக்காக 1954 வரை 37,215 குறிப்புகள்! ஒவ்வொன்றும், பக்கத்தில் இருக்கும், ஒளியின் அளவு ஏற்கெனவே தெரிந்த விண்மீன்களோடு ஒப்பிட்டுக் கண்ணால் போட்ட கணக்கு. 1975ல் வறுமையில் இறந்தார். குறிப்புகள் மட்டும் அந்தச் சங்கத்தின் ஆவணத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஒரு விண்மீனின் ஒளி பல பத்தாண்டுகளில் எப்படி மாறியது என்று கேட்டால் பதில் அங்கேதான். எவ்வளவு பெரிய தொலைநோக்கி வந்தாலும் 1930ன் ஒரு இரவைத் திரும்பிப் பார்க்க முடியாது, பாருங்கள்.

அந்தச் சங்கம் 1926ல் அவருக்கு அனுப்பிய 6 அங்குலத் தொலைநோக்கி பிற்பாடு வானியலாளர் வைணு பாப்புவின் கைக்கு வந்து, கடைசியில் காவலூர் வானாய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. காவலூர் எங்கே? நம் சேர்வராயன் மலைக்கு வடகிழக்கே, அதோ இருக்கிற ஜவ்வாது மலையில்!

சேலம் மாவட்ட மைய நூலகத்தில் இதற்கென்று ஒரு அலமாரி வேண்டும் என்பது என் கோரிக்கை. அச்சான புத்தகத்துக்கு இடம் இருப்பது போல, வானத்தையும் மழையையும் பார்த்து எழுதிய கையெழுத்து நோட்டுக்கும் இடம் வேண்டும். தேதி, நேரம், ஊர் மூன்றும் இருந்தால் போதும், அது ஆவணம்தான்.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஏதாவது கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். சேலம் சுற்றுவட்டாரம் என்றால் சொல்லுங்கள், நானே வந்து ஸ்கேன் எடுத்துத் தருகிறேன்.