விநாகிரி ஊத்தின புல்லு

(கனடா, ஸ்காபரோ. மே மாதம், விக்ரோரியா நாள் நீண்ட வார இறுதி. வேலிக்கு இந்தப் பக்கம் சிவம் அண்ணை, அந்தப் பக்கம் ரவி.)

சிவம்: தம்பி, உதென்ன, புல்லுக்கு மொட்டை அடிச்சிருக்கிறீர்?

ரவி: 20 சென்ரிமீற்றருக்கு மேல வளர்ந்தால் சிற்றியால கடிதம் வருமாம் அண்ணை. அதான் அடியோட வழிச்சுப்போட்டன். இனி ஒரு மாதத்துக்கு மெசினைத் தொடத் தேவையில்லை.

சிவம்: ஒருக்கா வெட்டேக்க மூண்டில ஒரு பங்குக்கு மேல எடுக்கக்கூடாது. 8 சென்ரிமீற்றர் நிக்கவேணும். இலை கட்டையெண்டால் வேரும் கட்டை. வெயில் நிலத்தில விழ, படுத்திருந்த களை விதையெல்லாம் எழும்பும்.

ரவி: களைக்கு ஆர் பயம்? டன்டிலயனுக்கு மூண்டு போத்தல் விநாகிரி ஊத்தியாச்சு.

சிவம்: ஓ, அதுதான் வட்டம் வட்டமாய்க் கருகிக் கிடக்கோ! ஆரோ புல்லில தோசை சுட்டிருக்கினம் எண்டெல்லோ நினைச்சன்.

ரவி: களை செத்திட்டுதுதானே?

சிவம்: விநாகிரிக்குக் களையெது புல்லெது எண்டு தெரியாது. பட்ட இலையை எரிக்கும், அவ்வளவுதான். டன்டிலயன்ர வேர் ஒரு சாண் ஆழத்தில சுகமாய் இருக்கு. கொஞ்ச நாளில திரும்ப எட்டிப் பார்க்கும்.

ரவி: முந்தி அடிக்கிற மருந்து?

சிவம்: அதை ஒன்ராறியோவில 2009இல தடை செய்தாச்சு. இப்ப இரும்புச்சத்து மருந்து விக்குது. அகண்ட இலையைக் கருக்கும், புல்லை விட்டிடும். சீமெந்தில பட்டால் துருக்கறை, கவனம். என்னைக் கேட்டால், மழை பெய்த அடுத்த நாள் ஒல்லிக் கத்தியோட குந்தும். வேர் முறியாமல் கிண்டவேணும். முறிஞ்ச துண்டும் முளைக்கும். கிண்டின குழிக்கு ஒரு பிடி கொம்போஸ்ற், மேல புல் விதை. முளைக்குமட்டும் ஈரம் காயக்கூடாது.

ரவி: விதை எப்பவோ போட்டாச்சு! களை முளைக்காமல் தடுக்கிற சோளக் குளூட்டன் தூளையும் அதோடயே கலந்து விசிறிட்டன். ஒரே நடையில வேலை முடிஞ்சுது.

சிவம்: அது புல் விதையையும் சேர்த்தெல்லோ தடுக்கும்! விதைச்சதும் நீர், முளைக்க விடாததும் நீர்.

ரவி: புல்லை விடுங்கோ. பூப்பாத்தியைப் பாருங்கோ, எவ்வளவு துப்புரவு! ரியூலிப் பூ முடிய, சாய்ஞ்சு கிடந்த இலையெல்லாத்தையும் ஒட்ட வெட்டிட்டன்.

சிவம்: அடப் பாவி! அந்த இலைதானே கிழங்குக்குச் சமைச்சுப் போடுறது. பூக்காம்பை மட்டும் கிள்ளிப்போட்டு, இலை தானாய் மஞ்சளாகுமட்டும், ஒரு ஆறு கிழமை, பொறுக்கவேணும்.

ரவி: நல்லகாலம் லைலாக் பூமரத்தைத் தொடேல்லை. அதை ஒக்ரோபரில வெட்டுவம்.

சிவம்: அதைத்தான் பூ வாடின கையோட வெட்டவேணும்! அடுத்த வருச மொட்டு இந்தக் கோடைக்கையே கட்டிடும். ஒக்ரோபரில வெட்டினால் பூவைத்தான் வெட்டுவீர்.

ரவி: வெட்டினதை வெட்டக்கூடாது, வெட்டாததை வெட்டவேணும்! சரி, பியோனி மொட்டு முழுக்க எறும்பு. இதுக்காவது...

சிவம்: போத்தலைக் கீழ வையும்! அது மொட்டில கசியிற தேனுக்கு வந்தது. ஒண்டும் செய்யாது. அதுசரி, உங்கட கறிவேப்பிலைச் சாடி எங்கை?

ரவி: (குரலைத் தாழ்த்தி) ஏப்ரலிலயே வெளியில வைச்சன் அண்ணை, வெயில் காணட்டும் எண்டு. முழு இலையும் கொட்டிட்டுது.

சிவம்: இரவு 10 பாகைக்குக் கீழ போறது நிக்குமட்டும் அது உள்ளுக்கெல்லோ இருக்கவேணும்! தண்டை நகத்தால சுரண்டிப் பாரும். பச்சையெண்டால் தப்பும். தண்ணியைக் குறையும்.

ரவி: மனிசிக்கு இன்னும் தெரியாது.

(வீட்டுக் கதவு திறக்கும் சத்தம்.)

சிவம்: (குனிந்து மறைந்தபடி) தம்பி, நான் இண்டைக்கு இந்தப் பக்கம் வரேயில்லை.