குப்பனூர் பாதையை மறந்துவிட்டீர்களே

ஏற்காடு மலைச்சாலையே சுற்றுலாவுக்காக வந்தது போல கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் மலையில் காபி பயிரிட வைத்தார். அப்புறம்தான் தோட்டங்கள், பங்களாக்கள் எல்லாம். விளைந்த காபியைக் கீழே இறக்கியாக வேண்டுமே! சுற்றுலாக் கூட்டம் ரொம்பப் பிந்தி வந்தது.

சேலத்தில் கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் தொடங்கும் 20 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி விரிவாகவே எழுதிவிட்டீர்கள், சரி. ஆனால் அயோத்தியாப்பட்டணம் பக்கமிருந்து குப்பனூர், கொட்டச்சேடு வழியாக ஏறும் பாதைக்கு ஒரு வரிகூட இல்லை. 2024 டிசம்பர் முதல் வாரம் பெய்த பேய்மழையில் அடிவாரச் சாலை சரிந்து மூடியபோது இந்தக் குப்பனூர் வழிதான் கைகொடுத்தது. கோடை விழா நாட்களிலும் ஏறுவதற்கு ஒரு வழி, இறங்குவதற்கு இன்னொன்று என்று போலீசார் பிரித்துவிடுவது இது இருப்பதால்தான்.

எங்கள் அம்மாவுக்கு வளைவு என்றாலே வாந்தி; கையில் எலுமிச்சம்பழம் இல்லாமல் பஸ் ஏற மாட்டார். அந்த அடிவாரச் சாலையில் 60 அடி பாலம் வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொள்வார். குரங்குகள் அந்தப் பழத்தையும் ஒருமுறை பிடுங்கிக்கொண்டு போயின, அது தனிக்கதை.

குப்பனூர் வழியில் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். இரவில் மட்டும் வேண்டாம்.