சாய்ந்த வாழையின் வேரையும் பாருங்கள்

வாழை நூற்புழுவை எப்படி எதிர்க்கிறது என்பது பற்றிய உங்கள் கட்டுரை நல்ல கட்டுரை. வேரைக் குடையும், நூல் போன்ற நுண்ணிய நூற்புழு கடித்த இடத்திலேயே, எதிர்ப்புத் திறனுள்ள யாங்கம்பி கேஎம்5 ரக வாழை அனிகோருஃபோன் என்ற தற்காப்புப் பொருளை நிறையச் சேர்க்கிறது, எளிதில் பாதிக்கப்படும் கிராண்ட் நைன் ரகம் அந்த அளவுக்குச் சேர்ப்பதில்லை என்பதைத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பொருள் புழுவின் உடலுக்குள் கொழுப்போடு சேர்ந்து திரண்டு நிற்பதை 2014-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள், அதையும் சொல்லியிருக்கலாம்.

கடலூர் ராமாபுரம் பக்கம் காற்றடித்து வாழை சாய்ந்தால் பழியெல்லாம் காற்றுக்குத்தான். சாய்ந்த மரத்தின் வேரை நீளவாக்கில் கிழித்துப் பாருங்கள். நடுநரம்பு வெள்ளையாக இருந்து, சுற்றியுள்ள சதை மட்டும் செம்பழுப்பாகவோ கருத்தோ கிடந்தால் பெரும்பாலும் நூற்புழு வேலைதான். பிடிமானம் போன மரம் தார் கனத்தையே தாங்காது, காற்றை எப்படித் தாங்கும்?

அப்படி எதிர்ப்புள்ள ரகம் நம் கொல்லைக்கு வரும்வரை கன்றில்தான் கவனம் வேண்டும். புழு பெரும்பாலும் கன்றோடுதான் புதுக்கொல்லைக்கு வருகிறது. கிழங்கைக் கருப்பு போகும்வரை சீவிவிட்டு நடுங்கள். திசு வளர்ப்புக் கன்று சுத்தமாக வரும், சரி. ஆனால் மண்ணில் ஏற்கெனவே புழு இருந்தால் அதுவும் தப்பாது. அப்புறம், வாழைக்குப் பின் வாழையே வைக்காமல் ஒரு போகம் நெல் போடுங்கள். தண்ணீர் கட்டிய வயலில் இந்தப் புழு வெகுவாகக் குறையும்.