பந்தியில் நமக்கு இலை போட்டார்களா?

2025 தீபாவளி முடிந்த அடுத்த ஞாயிறு, அக்டோபர் 26. கெடா மாநிலத்தின் பாடாங் செராய் டவுனில் நான் வழக்கமாகப் பசியாறும் கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கோலாலம்பூரில் ஆசியான் உச்சநிலை மாநாடு. டிரம்ப் விமானத்தை விட்டு இறங்குவதைக் காட்டினார்கள். அதே நகரத்தில் சீனத் துணைப் பிரதமர் ஹே லிஃபெங்கும் அமெரிக்க நிதியமைச்சர் ஸ்காட் பெசன்டும் இரண்டு நாளாக வணிகப் பேச்சு நடத்திக்கொண்டிருந்தார்கள். எதிரில் இருந்த அண்ணன் என்னோடு ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்தவர். ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்: "பெரியவனுங்க ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டா நமக்கு நல்லதுதானே தம்பி?"

அன்று நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. நாலு நாள் கழித்து, தென்கொரியாவின் பூசான் நகரில் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தார்கள். சீனப் பொருட்கள் மீதான வரியில் ஒரு பகுதியை அமெரிக்கா குறைத்தது. மின்னணுப் பொருட்களுக்குத் தேவைப்படும் அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குப் போடவிருந்த புதுக் கட்டுப்பாட்டைச் சீனா ஓராண்டு தள்ளி வைத்தது. அண்ணன் கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. இந்தப் பதிவு அவருக்கான பதில். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படிவ மாணவர்களுக்குப் பொதுப்பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். அனைத்துலக உறவுகள் பற்றி நடத்தும்போதெல்லாம், "சார், இது நமக்கு எதுக்கு?" என்று வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும். அம்மாவும் அப்பாவும் ரப்பர் பால்மரம் வெட்டி வளர்த்த பிள்ளை நான். இந்தப் பாடம் நமக்குத்தான் வேறு யாரையும்விட அதிகம் வேண்டும் என்று அப்போதும் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன்.

நாடுகள் ஒத்துழைக்குமா என்பது பற்றிய கோட்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யதார்த்தவாதிகள் ஒரு பக்கம். நாடுகளுக்கு மேலே போலீஸ் கிடையாது, ஒவ்வொரு நாடும் தன் கையை மட்டுமே நம்ப வேண்டும் என்பது அவர்கள் கட்சி. கென்னத் வால்ட்ஸ் 1979-இல் இதை ஒரு முழுக் கோட்பாடாகவே கட்டினார். சேர்ந்து வேலை செய்தால் இருவருக்கும் லாபம் என்று தெரிந்தாலும், "அவனுக்கு என்னைவிடக் கூடப் போய்விடுமோ" என்ற பயம் கையைப் பிடித்து இழுக்கும் என்பார்கள். நம் கடைப்பேச்சில் இதற்குப் பெயர் வல்லான் வகுத்ததே வாய்க்கால். மறுபக்கம் ராபர்ட் கியோஹேன் போன்றவர்கள். பொது விதியும் அதைக் கவனிக்க ஓர் அமைப்பும் இருந்தால் யார் என்ன செய்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், ஏமாற்றுவது கடினமாகும், அதனால் ஒத்துழைப்பு நிலைக்கும் என்று அவர் 1984-இல் வாதிட்டார்.

அதே காலத்தில் ராபர்ட் ஆக்சல்ராட் கணினியில் ஒரு போட்டி நடத்தினார். திரும்பத் திரும்ப ஒருவரையொருவர் சந்திக்கும் இரண்டு பேரில், விட்டுக்கொடுப்பவன் ஜெயிப்பானா, ஏமாற்றுபவன் ஜெயிப்பானா என்று பார்த்தார். அறிஞர்கள் அனுப்பிய நிரல்களில், இரண்டு முறை நடந்த போட்டியிலும் முதலில் வந்தது மிக எளிமையான ஒன்று. அனடோல் ராப்பபோர்ட் அனுப்பியது. முதலில் நல்லபடி நட, எதிராளி ஏமாற்றினால் அடுத்த முறை நீயும் பதிலுக்கு ஏமாற்று, அவன் திருந்தினால் நீயும் மறந்துவிடு. அவ்வளவுதான் அதன் சூத்திரம்.

இதைப் படித்த நாளில் எனக்கு அம்மாவின் கூட்டுப் பணம்தான் ஞாபகம் வந்தது.

தோட்டத்தில் அம்மா கூட்டுப் பணம் பிடிப்பார். பதினெட்டு இருபது பெண்கள், ஆளுக்கு மாதம் 20 வெள்ளி. மாதம் ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார். கையெழுத்து கிடையாது, பத்திரம் கிடையாது. முதல் மாதம் எடுத்தவர் இரவோடு இரவாக வேறு தோட்டத்துக்குப் போனால் பிடிக்க வழியில்லை. ஆனாலும் போக மாட்டார்கள். விடிந்தால் பெரட்டில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) அதே முகங்களைத்தானே பார்க்க வேண்டும். ஒரு முறை மட்டும் ஓர் அக்கா எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த கூட்டிலிருந்து, சேருகிறவருக்கு அதே லயத்தில் ஒருவர் பொறுப்பு நிற்க வேண்டும் என்று அம்மா விதி வைத்தார். நாலு மாதம் கழித்து அந்த அக்கா திரும்பி வந்து மிச்சத்தைக் கட்டினார். அம்மா மறுபடி சேர்த்துக்கொண்டார், ஆனால் கடைசியில்தான் எடுக்கலாம் என்று சொல்லிவிட்டார். ஆக்சல்ராட் கணினியில் கண்டதை அம்மா பெரட்டுக் களத்தில் நடத்திக் காட்டியிருக்கிறார்.

அதனால், நாடுகள் ஒத்துழைக்கவே முடியாது என்பதை நான் ஏற்க மாட்டேன். ஒத்துழைக்கும். ஆனால் அம்மாவின் கூட்டில், போட்ட பணம் போட்டவர்களுடையது. பெரிய நாடுகள் கூடிப் பொங்கும்போது பானை அவர்களுடையது, அரிசி வேறு யாருடையதோவாக இருக்கிறது. கோட்பாட்டுப் பாடத்தில் இந்த இடத்தைச் சீக்கிரம் தாண்டிவிடுகிறோம்.

1824-இல் லண்டனில் பிரிட்டனும் நெதர்லாந்தும் சமாதானமாக உட்கார்ந்து பேசி, மலாக்கா நீரிணையை ஒட்டிக் கோடு போட்டன. மலாக்கா பிரிட்டனுக்கு, சுமத்ராவின் பெங்கூலன் நெதர்லாந்துக்கு. ஜொகூர்-ரியாவ் சுல்தானகம் இரண்டாகப் பிளந்தது. 1909-இல் பாங்காக்கில் பிரிட்டனும் சயாமும் (இன்றைய தாய்லாந்து) கையெழுத்துப் போட்டதில், கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு நான்கும் சயாமிடமிருந்து பிரிட்டனுக்குக் கை மாறின. நான் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் இந்த மண்ணும் அதில் அடக்கம். கெடா சுல்தானை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு அரசுகளுக்குள் ஒரு குண்டுகூட வெடிக்காமல் முடிந்தது என்பதால் பாடநூல் கணக்கில் இவை வெற்றிதான்.

சரி, ரப்பர் கதைக்கு வருகிறேன். இதை ஒவ்வொரு தோட்டத்துப் பிள்ளையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் உலகப்போருக்குப் பிறகு ரப்பர் விலை விழுந்தது. 1922-இல், சர்ச்சில் காலனித்துறை அமைச்சராக இருந்தபோது, ஸ்டீவன்சன் திட்டம் வந்தது. மலாயாவும் சிலோனும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை ஏற்றுவது என்று முடிவு. டச்சு ஆட்சியில் இருந்த இந்தோனேசியாவையும் கூப்பிட்டார்கள், அவர்கள் சேரவில்லை. இவர்கள் மரத்தை ஓய்வில் விட, அங்கே சிறு விவசாயிகள் புதுசு புதுசாக நட்டார்கள். 1925-இல் விலை எகிறியதும் அமெரிக்காவுக்குக் கோபம். அப்போது வணிக அமைச்சராக இருந்த ஹூவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். டயர் கம்பெனி ஃபயர்ஸ்டோன் லைபீரியாவில் தோட்டம் போட்டது, கார் கம்பெனி ஃபோர்டு ரப்பர் நட பிரேசில் காட்டுக்குள் போனது. 1928-இல் திட்டத்தையே கைவிட்டார்கள். கூட்டில் சேராமல் வெளியே நின்றவன் லாபம் பார்த்தான். யதார்த்தவாதிகள் சொன்னது அப்படியே நடந்தது.

அப்புறம் உலகப் பொருளாதார மந்தம். வேலை இல்லை என்று ஆயிரக்கணக்கான தமிழர்களைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் மதராசுக்கும் திருப்பி அனுப்பினார்கள். என் தாத்தாவின் தம்பி அப்படிப் போனவர். அதற்குப் பிறகு அவரைப் பற்றி எங்கள் குடும்பத்துக்கு ஒரு தகவலும் இல்லை.

1934-இல் வல்லரசுகள் பாடம் கற்றுக்கொண்டன. பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ், இந்தியா, சயாம் எல்லாம் சேர்ந்து ரப்பர் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் போட்டன. நாட்டுக்கு நாடு ஏற்றுமதிப் பங்கு, புதிதாக நடுவதற்குத் தடை, கண்காணிக்க ஒரு குழு. கியோஹேன் சொல்லும் எல்லா அம்சமும் இருந்தது. விலையும் ஏறியது. ஆனால் அந்தக் குழுவில் பால்வெட்டுத் தொழிலாளிக்கு இடமில்லை. மலாய்ச் சிறுதோட்டக்காரர்களுக்குக் கிடைத்த பங்கும் பெரிய கம்பெனிகளோடு பார்த்தால் குறைவு. 1938-இல் விலை மறுபடி இறங்கியபோது கூலியைக் குறைத்தார்கள். அந்த ஆண்டே இந்திய அரசு தொழிலாளர்களைப் பயண உதவி கொடுத்து மலாயாவுக்கு அழைத்துப்போவதைத் தடை செய்தது. நமக்காகப் பேச ஒரு வெளிநாட்டு அரசு தேவைப்பட்டது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வலிக்கிறது.

வல்லரசுகள் சண்டை போட்டுக்கொண்டால் நல்லதா என்றால் அதுவும் இல்லை. 1950-இல் கொரியப் போர் வெடித்ததும் ரப்பர் விலை வானத்துக்குப் போனது. "கொரியா சண்டை நேரத்துல கையில காசு ஓடுச்சு" என்று தாத்தா சொல்வார். அதே நேரம் இங்கே கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம். கம்பி வேலி, ஊரடங்கு, அரிசி ரேஷன், காட்டுக்குப் போகுமுன் சோற்றுப் பொட்டலத்துக்குச் சோதனை. 1951-இல் ஐநா பொதுச்சபை சீனாவுக்குப் போர்த்தளவாடப் பொருட்கள் அனுப்பக்கூடாது என்று தீர்மானம் போட்டது, அதில் ரப்பரும் மாட்டியது. சிலோன் மட்டும், அப்போது ஐநா உறுப்பினராக இல்லாத சிறு நாடு, 1952-இல் சீனாவுக்கு ரப்பர் கொடுத்து அரிசி வாங்கும் ஒப்பந்தம் போட்டது. அமெரிக்காவின் அதிருப்தியைத் தெரிந்தே போட்டார்கள். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

இப்போது நான் மிகவும் மதிக்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும். 1979-இல் உருவான அனைத்துலக இயற்கை ரப்பர் ஒப்பந்தம். அதன் தலைமையகம் கோலாலம்பூரில் இருந்தது. விளைவிக்கும் நாடுகளுக்கு 1000 வாக்கு, வாங்கும் நாடுகளுக்கு 1000 வாக்கு. பனிப்போர் நடுவில், அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் சீனாவும் வாங்குபவர் பக்கம் ஒன்றாக உட்கார்ந்தன. எதிரே மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, இலங்கை. விலை ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் பொதுக் கையிருப்புக்கு வாங்குவார்கள், மேலே போனால் விற்பார்கள். தோட்டக் கூலி ரப்பர் விலையோடு கட்டப்பட்டிருந்த காலம் அது. விலைக்குத் தரை போட்டால் அடுப்புக்கும் தரை போட்ட மாதிரி. இந்தப் பந்தியில் நம் நாட்டுக்கு இலை போட்டிருந்தார்கள். 1997 நாணய நெருக்கடியில்தான் அது உடைந்தது. ஒப்பந்த விலையை மலேசிய, சிங்கப்பூர் காசில் கணக்கிட்டிருந்தார்கள். ரிங்கிட் சரிந்ததால் நம் காசில் விலை இறங்காத மாதிரி தெரிந்தது, டாலரில் விழுந்துகொண்டிருந்தது. கையிருப்புக்கு வாங்க வேண்டிய நேரத்தில் வாங்கவில்லை. மலேசியா வெளியேற, தாய்லாந்தும் வெளியேற, 1999-இல் மூடினார்கள். குறை விதியில் இருந்தது. விதியைத் திருத்தியிருக்கலாம் என்பது என் கருத்து.

இன்றைக்கு ரப்பர் இடத்தில் சிப். பாடாங் செராயிலிருந்து கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா பக்கம்தான். இன்டெல், இன்ஃபினியோன் எல்லாம் அங்கே இருக்கின்றன. நம் தாமான்களின் (குடியிருப்புப் பகுதிகளின்) முனையில் விடியற்காலையில் நிற்கும் ஃபேக்டரி பஸ்ஸில் ஏறுவது பால்வெட்டிய கைகளின் பேரப்பிள்ளைகள். உலகச் சிப் சோதனை, பொதியிடல் வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. 2022 அக்டோபரில் சீனாவுக்கு உயர்ரகச் சிப்பை அமெரிக்கா தடுக்கத் தொடங்கிய பிறகு, இரண்டு பக்கத்துக் கம்பெனிகளும் பினாங்கு, கூலிம் பக்கம் பார்வையைத் திருப்பின. அண்ணன் மகளுக்கும் அப்படி ஒரு விரிவாக்கத்தில்தான் வேலை கிடைத்தது. போட்டி நமக்கு வேலை தந்தது. நாளை அவர்கள் ஒன்றானால் அந்த வேலை நிற்கலாம், கூடவும் செய்யலாம். முடிவெடுக்கும் அறையில் நாம் இருந்தோமா என்பதைப் பொறுத்தது அது.

அந்த அக்டோபர் 26 ஞாயிறு இன்னொன்றும் நடந்தது. மலேசியா அமெரிக்காவோடு வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது, அப்போது நம் பொருளுக்கு 19 விழுக்காடு வரி என்று முடிவானது. பொருளாதாரப் பாதுகாப்பு என்று காரணம் காட்டி அமெரிக்கா வேறொரு நாட்டின் மீது தடை போட்டால், மலேசியாவும் அதற்கு ஈடான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற பிரிவு அந்த வாசகத்தில் இருந்தது. சீனா நம் பெரிய வணிகப் பங்காளி. இப்படி ஒரு பிரிவுக்கு நாம் ஏன் சம்மதித்தோம்? தனியாகப் போய்ப் பேசியதால். வியட்னாம் தனியாகப் போய் 20, இந்தோனேசியா தனியாகப் போய் 19, நாம் தனியாகப் போய் 19. ஆளுக்கு ஆள் தனித்தனியாகத் துரை பங்களாவுக்குப் போய்க் கூலி கேட்ட கதைதான் இது. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானதே, பிரிந்து கிடந்தவர்கள் ஒரே குரலில் பேசுவதற்குத்தான். அந்தச் சங்கத்தை வழிநடத்திய பி.பி. நாராயணன் காலத்தில் நம் அப்பாக்கள் புரிந்துகொண்டதை, பதினொரு நாடுகள் சேர்ந்த ஆசியான் இன்னும் செய்யவில்லை. வரி விஷயத்தில் ஆசியான் ஒரே குழுவாகப் போயிருக்க வேண்டும். அடுத்த முறையாவது போக வேண்டும். இதை நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க நமக்கு வாய் இருக்கிறது.

ஆகவே அண்ணே, அவர்கள் சேர்ந்தால் போர் வராது, அது பெரிய நன்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் நல்லதா என்று கேட்குமுன், எந்தப் பொருளைப் பங்கு போட்டார்கள், அது யாருடையது, அவர்களைக் கேட்டார்களா என்று கேளுங்கள்.

போன வாரம் இதையெல்லாம் அதே கடையில் அவரிடம் சொன்னேன். அவர் அப்பா மண்டோராக (தோட்டத்துக் கங்காணியாக) இருந்தவர். "அப்பா நோட்டுல ரப்பர் விலையெல்லாம் எழுதி வச்சிருப்பாரு" என்று சொல்லி, மறுநாள் கொண்டு வந்து கொடுத்தார். 1983-இலிருந்து தொடங்குகிறது. தேதி, கிலோவுக்கு விலை, ஆட்களின் வருகை. சில பக்கங்களைக் கரையான் அரித்திருக்கிறது. ஒப்பந்தம் நடப்பில் இருந்த வருடங்களை நான் வரிசையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படிப் பெரட்டு நோட்டோ சம்பளச் சீட்டோ கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எனக்குத் தகவல் அனுப்புங்கள், வந்து படம் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பித் தருகிறேன்.