மூன்றாம் ஆண்டு வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

பி.எஸ்சி. நர்சிங் பிள்ளைகள் மனநல வார்டு போஸ்டிங்கில் 'ப்ராசஸ் ரெக்கார்டிங்' எழுதுவார்கள். நோயாளியோடு பேசியதை அப்படியே எழுதி, பிறகு அலசிப் பார்க்கும் பயிற்சி. நர்சுக்கும் நோயாளிக்கும் உள்ள உறவே பராமரிப்பின் மையம் என்று 1952-லேயே எழுதியவர் அமெரிக்க நர்சிங் அறிஞர் ஹில்டகார்ட் பெப்லாவ். அவர் வழியில் வளர்ந்த இந்தப் பயிற்சியைவிட நல்ல கருவி நம் பாடத்திட்டத்தில் இல்லை என்பேன். ஆனால் அது வருவது மூன்றாம் ஆண்டில். 2021-ல் செமஸ்டர் முறை வந்தபோதும் மனநலப் பாடம் ஐந்து, ஆறாம் செமஸ்டர்களில்தான் இருக்கிறது. அதற்குள் பொது வார்டிலேயே பேச்சுப் பழக்கம் இறுகிவிடுகிறது.

ஒரு உதாரணம். நாளைக்கு ஆபரேஷன் ஆகவேண்டிய பாட்டி, "நான் திரும்ப வீட்டுக்குப் போவேனாம்மா?" என்று கேட்கிறார். "பயப்படாதீங்க பாட்டி, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு மாணவி பி.பி. கஃப்பை எடுக்கிறாள். ஆறுதல்போலத் தெரியும். உண்மையில் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துபோகிறது, பாட்டி அதன்பின் வாய் திறக்கமாட்டார். "எதை நினைச்சுப் பயமா இருக்கு பாட்டி?" என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை சும்மா இருந்தால் போதும். வலியா, மயக்க மருந்தா, வீட்டில் தனியாக இருக்கும் தாத்தாவா என்பது வெளியே வரும்.

இதை முதல் ஆண்டு வார்டு போஸ்டிங்கிலேயே எழுத வைக்கலாம். பத்து நிமிடப் பேச்சு போதும். நான்கு பத்திகள்: நோயாளி சொன்னது, நான் சொன்னது, அப்போது எனக்குள் என்ன இருந்தது, வேறெப்படிச் சொல்லியிருக்கலாம். நோயாளி முன்னால் நோட்டு திறக்கக்கூடாது, கண் காகிதத்துக்குப் போய்விடும். அன்று இரவுக்குள் எழுதிவிட வேண்டும். இரண்டு நாள் கழித்து எழுதினால் பேசாததையும் பேசியதாக மனது சேர்த்துவிடும். பெயர், படுக்கை எண் எதுவும் வேண்டாம்.

கெட்டுப்போகும் இடம் மூன்றாவது பத்திதான். "எனக்கு எரிச்சல் வந்தது", "என்ன சொல்வதென்று தெரியாமல் திரும்பிக்கொண்டேன்" என்று எழுதுகிற பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்தால், அடுத்த முறை "பரிவோடு இருந்தேன்" என்றுதான் வரும். அப்புறம் சீனியர் ரெக்கார்டிலிருந்து காப்பி. எனவே எழுதிக் கொடுத்ததற்கு மட்டும் மதிப்பெண், உள்ளே இருப்பதற்கு இல்லை.

நேரமில்லை என்பார்கள். ஆசிரியருக்கு 10 மாணவர் என்ற விதியை மதிக்கும் கல்லூரியில், டியூட்டி முடிந்ததும் தினம் இருவர் படித்தால் ஐந்து நாளில் எல்லோரும் ஒரு சுற்று வந்துவிடுவார்கள். இருபது நிமிடம் ஆகும். ஒரு ஆசிரியருக்கு முப்பது பேரைத் தள்ளிவிடும் கல்லூரியில் இது நடக்காது, அங்கே முதலில் தீர்க்கவேண்டிய பிரச்சினை வேறு.

இன்னொன்று. இறந்தவர் உடலைச் சுத்தம் செய்து, கட்டி, அடையாளச் சீட்டு ஒட்டுவதைப் படிப்படியாகச் சொல்லித் தருகிறோம். அதை முதன்முதலில் செய்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போகும் பதினெட்டு வயதுப் பெண்ணிடம் "எப்படி இருக்கேம்மா?" என்று கேட்க யாரையும் நியமிப்பதில்லை. அன்றைய இருபது நிமிடம் அவளுக்குத்தான்.

நோயாளி முன்னால் மாணவியைத் திட்டும் ஆசிரியரிடம் யாரும் மூன்றாவது பத்தியை உண்மையாக எழுதமாட்டார்கள். அதனால் முதல் வாரம் ஆசிரியரே அன்று தான் நோயாளியிடம் பேசியதை எழுதி, தான் சறுக்கிய வரியையும் சேர்த்துப் படித்துக் காட்டட்டும். பிள்ளைகளின் முறை அடுத்த வாரம்.