ஆட்டோகிளேவ் டேப்பின் கறுப்புக் கோடுகள் குறித்து ஒரு திருத்தம்

ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் கலனில்) வைக்கும் கருவிப் பொதியின் மேல் ஒட்டிய, சூட்டில் நிறம் மாறும் ஆட்டோகிளேவ் டேப்பில் கோடுகள் கறுத்துவிட்டால் உள்ளிருக்கும் கருவிகள் முழுமையாகக் கிருமிநீக்கம் ஆகிவிட்டன என்று ஒரு குறிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. அன்புகூர்ந்து இதைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். அந்த நிறமாற்றம், பொதி சூடான நீராவிக்கு உட்பட்டது என்பதை மட்டுமே காட்டும்; பொதியின் நடுவிலோ, மூடியபடி வைத்த கத்தரிக்கோலின் இடுக்கிலோ, 121 டிகிரி செல்சியஸ் நீராவி தேவையான நேரம் வரை நிலைத்திருந்ததா என்பதை வெளியே ஒட்டிய டேப்பால் காட்ட முடியாது. சரிபார்க்க விரும்புவோர் டேப்புடன் வரும் பயன்பாட்டுக் குறிப்பைப் படிக்கலாம். கருவிகளைக் கையாள்பவர்கள், ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற, வெப்பத்தைத் தாங்கும் பாக்டீரியாவின் வித்துகள் அடங்கிய உயிரியல் காட்டி ஒன்றைப் பொதிகளோடு ஆட்டோகிளேவின் உள்ளே வைத்து எடுத்து, வைக்காத மற்றொன்றுடன் சேர்த்து இன்குபேட்டரில் வளர்த்துப் பார்க்கலாம். வைக்காததில் வளர்ச்சி தெரிந்து, வைத்ததில் தெரியாதிருந்தால்தான் அந்தக் கிருமிநீக்கச் சுற்று வித்துகளையும் அழித்திருக்கிறது என்று கூற முடியும்.